பழைய கட்டுகளைக் கடைக்குப் போடாதீர்கள்

மலேசியத் தமிழ் நாளிதழ்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கும் ஆசிரியர் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

1979 முதல் 2004 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துநராக வேலை பார்த்தவள் நான். எந்த நாளிதழ் என்று எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின் மேல் குறை சொல்லும் கடிதமாக இது ஆகிவிடக் கூடாது. உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். கிடங்குகளில் இருக்கும் பழைய இதழ்க் கட்டுகளை அழிய விடாதீர்கள். அவற்றுக்குள் கிடக்கும் அரசியல் பத்திகள் புத்தகமாக வருவதற்கு வழிவிடுங்கள்.

எங்கள் பத்திரிகையில் இருபத்தேழு ஆண்டுகள் ஞாயிறுதோறும் அரசியல் பத்தி எழுதிய ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். மகள் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கருமக்கிரியை எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அந்தப் பெண் செந்தூலில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு பெரிய மைலோ டின்.

"அப்பா எழுதுனதுல வீட்டுல இருக்கிறது இவ்வளவுதான் அத்தை. இதைப் புத்தகமாப் போட முடியுமா?"

இரண்டு டின்னிலும் சேர்த்து 212 துண்டுகள் இருந்தன. வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டால், விடுமுறையையும் அவர் உடம்பு முடியாமல் இருந்த நாட்களையும் கழித்தாலும், ஆயிரத்து முந்நூறுக்குக் குறையாமல் எழுதியிருப்பார். இருந்த துண்டுகளிலும் பாதிக்கு மேல் தேதி இல்லை. அண்ணி கத்தரிக்கோலால் பத்தியை மட்டும் அளவாக வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். தேதி பக்கத்தின் தலையில் அல்லவா இருக்கும், அது போய்விட்டது.

பிறகு நாங்கள் இருவரும் துண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தோம். ஒன்றின் பின்னால் பாதி சினிமா விளம்பரம். ஒன்றின் பின்னால் நகைக்கடையின் தீபாவளித் தள்ளுபடி. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஒரு பாட்டி குடியுரிமைக்காகப் பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்ததைப் பற்றிய பத்தி ஒன்று. அதன் பின்பக்கத்தில் யாரோ ஒருவரின் இரங்கல் அறிவிப்பு பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. முப்பத்தோராம் நாள் வழிபாடு என்று அதில் ஒரு தேதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பத்தி 1983இல் வந்தது என்று கண்டுபிடித்தோம். முன்பின் தெரியாத ஒருவரின் மரணச் செய்தியை வைத்து நம் அரசியல் வரலாற்றுக்குத் தேதி போட வேண்டியிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பத்திரிகையின் முழுநேர ஊழியர் இல்லை. பகலில் வேறு வேலை. பத்தி ஒன்றுக்குத் தொடக்கத்தில் 15 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள், முடிவில் 50 வெள்ளி. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் படியேறி வருவார். கட்சிகளும் சங்கங்களும் அனுப்பும் அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார், நீல மை, அடித்தல் திருத்தல் அதிகம். நான் சேர்ந்த புதிதில் ஈய எழுத்தில் அச்சுக் கோத்த காலம். 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கும். புரூப் எடுத்து மேசையில் வைத்தால் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: 'சிலர்'. 'சிலர் கூறுகின்றனர்', 'சில தரப்பினர் அதிருப்தி' என்று செய்தியில் எங்கே பார்த்தாலும், "யாரும்மா அந்தச் சிலர்?" என்று என்னிடம் கேட்பார். தன் எழுத்தில் அந்தச் சொல் தவறிப்போய் வந்துவிட்டால் தானே அடித்துவிட்டு, ஆளைச் சொல்லுவார். ஆளைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடுவார். இருபத்தைந்து ஆண்டு புரூப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட பெரிய இலக்கணம் இதுதான்.

தேர்தல் வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. 1982, 1986, 1990, 1995, 1999 என்று ஐந்து பொதுத்தேர்தல்களுக்கும் சொந்தக் காசில் பேருந்து ஏறிப் போனவர். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், காப்பார் என்று போய், வேட்பாளரைப் பார்ப்பதற்கு முன்னால் கடைத்தெருவில் பசியாற உட்கார்ந்து ஆட்கள் பேசுவதைக் கேட்பார். ஊருக்குத் திரும்பி எழுதும்போது யார் ஜெயிப்பார் என்று எழுத மாட்டார். அந்த ஊரில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, தமிழ்ப்பள்ளிக் கூரை எந்த ஆண்டில் போட்டது, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவருக்கு அந்த மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று எழுதுவார். படித்து முடிக்கும்போது அந்தத் தொகுதியில் என்ன நடக்கப்போகிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.

அவர் உயிரோடு இருந்தபோது வந்தவை இரண்டே புத்தகங்கள். இரண்டும் அவரே அச்சுக்கூலி கொடுத்துப் போட்டவை. முதலாவது நாற்பது பத்திகளின் தொகுப்பு, ஐந்நூறு பிரதி. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நண்பர் ஒருவரின் கடை ஓரத்தில் ஒரு மேசை போட்டு, அண்ணனும் அண்ணியும் நின்று விற்றார்கள். இரண்டாவது ரப்பர்த் தோட்டங்களைப் பற்றியது. அதில் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை போய்விட்டது. மற்ற ஆயிரத்துச் சொச்சம் பத்திகளும் இருக்குமிடம் ஒன்றே ஒன்று. அது நாளிதழின் பழைய கட்டு.

எங்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்றாக, நீலத் துணி அட்டை போட்டுத் தைத்து, அலமாரி நிறைய இருந்தன. அலுவலகம் இடம் மாறியபோது புதிய இடத்தில் அவற்றுக்கு இடம் இல்லை என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய பேப்பர்காரரின் லாரி வந்தது. நாற்பதாண்டுக் கட்டுகளைத் தராசில் ஏற்றி இறக்கி, கிலோவுக்கு இத்தனை காசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அது என்ன பொருள் என்று யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான். நான் மூன்று கட்டுகளை மட்டும் கேட்டு வாங்கி டாக்சியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்று 1987 அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

அந்தக் கட்டை ஏன் எடுத்தேன் என்று சொல்லுகிறேன். 1987 அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை, ஓப்ராசி லாலாங் என்ற போலீஸ் கைது நடவடிக்கை தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துப்போனார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள், ஆளுங்கட்சிக்காரர்கள், கல்வியாளர்கள், சமயத் தொண்டர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய பத்திரிகைகளின் உரிமம் நிறுத்தப்பட்டது. 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி எந்தப் பத்திரிகைக்கும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 2012இல்தான் நீங்கியது. தமிழ்ப் பத்திரிகைகளின் உரிமத்தில் அந்த வாரம் கை வைக்கவில்லை. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தோம்.

அந்தச் சனிக்கிழமை இரவு, அக்டோபர் 31, அண்ணன் வழக்கம்போல் வந்தார். கைதுகளைப் பற்றி நேரடியாக எழுதிய பத்தி. ஆசிரியர் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதைப் போட்டா திங்கட்கிழமை நாம இருக்க மாட்டோம். இங்க நாற்பது குடும்பம் இருக்கு" என்றார். அண்ணன் சண்டை போடவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அச்சுக் கோக்கும் அறையின் மூலையில் போய் உட்கார்ந்தார். நாற்பது நிமிடத்தில் வேறொன்று எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

அதில் சட்டம் இல்லை, கைது இல்லை, அரசியல்வாதி பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா எல்லோருக்கும் தட்டு வைக்கிறார். பழக்கதோஷத்தில் அப்பாவுக்கும் ஒரு தட்டு வைத்துவிடுகிறார். சின்னப் பிள்ளை, "அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறது. அம்மா அந்தத் தட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அவ்வளவுதான் பத்தி.

"இது யார் வீடு அண்ணே?" என்று கேட்டேன்.

"எந்த வீடாவும் இருக்கலாம்மா. நீ புள்ளி மட்டும் சரியாப் பாரு."

நவம்பர் முதல் தேதி அது வெளிவந்தது. அடுத்த இரண்டு வாரம் வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருவர்கூடக் கைது என்ற சொல்லை எழுதவில்லை. எல்லோரும் தட்டைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அப்படி எழுதவும் படிக்கவும் தெரிந்த ஒரு சமூகமாக நாம் இருந்தோம். அதற்கு அத்தாட்சி இன்றைக்கு என் வீட்டு மேசைமேல் இருக்கும் ஒரே ஒரு கட்டு. நான் அன்றைக்கு டாக்சி பிடிக்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு பத்தியையும் சொல்ல வேண்டும். இது அவர் தவறிய இடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து இளைஞர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அண்ணன் அதை எதிர்த்தார். 'தோட்டத்தை விட்டுப் போகாதீர்கள்' என்று வரிசையாக ஐந்தாறு வாரம் எழுதினார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் தவணையாகப் பணம் சேர்த்தார். அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியும் காட்டியது. தொழிலாளி தன் காசில் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆக முடியும் என்று கண்ணெதிரே பார்த்த தலைமுறை அண்ணனுடையது. நிலத்தை விட்டுப் போனால் கோயிலும் போகும், பள்ளியும் போகும், ஒன்றாக இருப்பதால் வரும் பலமும் போகும் என்று நினைத்தார்.

நடந்தது வேறு. தொண்ணூறுகளில் சிலாங்கூரில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறின. கடைசிவரை இருந்தவர்களுக்கு லயத்து வீடும் மிஞ்சவில்லை. முன்பே கிளம்பிப் போனவர்களின் பிள்ளைகளாவது பட்டணத்துப் பள்ளியில் படித்தார்கள். ஒருநாள் காப்பார் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் வந்தது. பள்ளிக்கூடக் கோட்டுத்தாளில், பென்சில் எழுத்து. 'உங்க பேச்சக் கேட்டுத்தான் நாங்க இருந்தோம். இப்ப எங்க போறது' என்று இரண்டே வரி.

அண்ணன் அந்தக் கடிதத்தை மூன்று வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காவது வாரம் எழுதினார். எந்தத் தேதியில் என்ன எழுதினோம், எதை நம்பி எழுதினோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்று வரிவரியாக எழுதினார். நிலம் தொழிலாளியின் பெயரில் இல்லாதபோது அவனை 'இரு' என்று சொன்னது தப்பு என்று எழுதினார். நான் புரூப் பார்த்ததிலேயே மிகக் கடினமான பத்தி அது. ஒரு பிழையும் இல்லை. இருந்தும் மூன்று தடவை படித்தேன்.

மகள் கொண்டுவந்த டின்னில் இந்த இரண்டாவது பத்தி இருக்கிறது. முதலில் எழுதிய ஐந்தாறும் இல்லை. அவற்றை வெட்டிவைக்க அண்ணிக்கு மனம் வரவில்லையோ என்னவோ. ஆனால் அவை இல்லாமல் இது முழுமை ஆகாது. ஒரு மனிதர் எதை நம்பினார் என்று தெரிந்தால்தானே அவர் எதைத் திருத்திக்கொண்டார் என்று புரியும்? நம் மக்கள் அந்தப் பத்தாண்டில் பட்ட குழப்பமே அதற்குள் இருக்கிறது.

மற்றவர்களின் எழுத்து புத்தகமாக நின்றிருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமர் பதவியை விட்ட பிறகு பினாங்கில் தொடங்கிய தி ஸ்டாரில் வாரப் பத்தி எழுதினார். தனக்குப் பின் வந்தவர்களின் ஆட்சியையும் தயங்காமல் விமர்சித்தார். அந்தப் பத்திகள் 1977இல் 'லுக்கிங் பேக்', 1978இல் 'வியூபாயின்ட்ஸ்' என்று தொடங்கி வரிசையாகப் புத்தகமாக வந்தன. ரெஹ்மான் ரஷீத் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்சில் தலையங்கமும் பத்தியும் எழுதியவர். 1993இல் 'எ மலேசியன் ஜர்னி' எழுதித் தானே வெளியிட்டார். 2017இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் ஐம்பதுகளில் சிங்கப்பூர் ஸ்டாண்டர்டில் பத்தி எழுதினார். பின்னாளில் அமைச்சரானார். அவருடைய எழுத்தும் பேச்சும் 1987இலேயே தொகுப்பாக வந்துவிட்டது. இவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினார்கள். சந்தோஷம், அவையும் நம் நாட்டுக் கதைதான். ஆனால் என் வீட்டு அலமாரியில் இவர்களை அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில், தமிழில் எழுதிய பத்தியாளருக்கு என்று ஒதுக்கிய தட்டில், அட்டை இல்லாத அந்த ஒரு புத்தகம் சாய்ந்து கிடக்கிறது.

தமிழில் எழுதியவர்கள் சாதாரணப்பட்டவர்களா? 1924இல் திருவாரூரிலிருந்து கப்பலேறி வந்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சிங்கப்பூரில் இருந்து எழுதினாலும் மலாயாத் தோட்டம்வரை அந்த எழுத்து வந்தது. குடியுரிமை எடுங்கள், இந்த மண்ணில் வேர் விடுங்கள் என்று அவர் தலையங்கம் தலையங்கமாக எழுதியதால் குடியுரிமை விண்ணப்பப் பாரம் நிரப்பியவர்கள் எத்தனை பேர்! நம் காலத்தில் ஆதி. குமணன். வானம்பாடி, தமிழ் ஓசை, மலேசிய நண்பன், மக்கள் ஓசை என்று அவர் கை பட்ட ஏடுகளை ஆட்கள் அரசியலுக்காகவே வாங்கினார்கள். 2005இல் அவர் மறைந்தபோது அழுத வாசகர்களில் பாதிப் பேர் அவரை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். இவர்கள் பெயராவது நிற்கும். அண்ணன் மாதிரி வாரம் ஒரு பத்தி எழுதி, ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு, பேருந்தில் வீட்டுக்குப் போனவர்களின் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்?

1924இல் கி. நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் நடந்து, 2019 தொடக்கத்தில் நின்றது. உங்கள் ஏடுகள் நூறாண்டு காண வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் ஓர் ஏடு நிற்கும்போது எல்லோரும் ஊழியர் சம்பளத்தையும் கடனையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள், அது நியாயம். கட்டுகளைப் பற்றி நினைக்க அன்றைக்கு யாருக்கும் மனம் இருக்காது. நன்றாக நடக்கிற காலத்திலேயே இதற்கு வழி செய்தால்தான் உண்டு.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுகிறேன். பணம் அதிகம் ஆகாத காரியத்திலிருந்து தொடங்குகிறேன்.

எதையும் விற்காதீர்கள். இடம் இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடுத்துப் போக ஆள் இருக்கிறது. செய்தித்தாள் நெடுநாள் தாங்கும் தாள் இல்லை. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் முப்பது ஆண்டில் பழுப்பாகி, மடித்த இடத்தில் உடைந்துவிடுகிறது. மற்றதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். எண்பதுகளின் கட்டுகள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கும்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீட்டாளர்கள் தங்கள் வெளியீடுகளின் பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உங்கள் ஏட்டின் எந்தெந்த மாதங்கள் அங்கே முழுமையாக இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று ஒருவரை ஜாலான் துன் ரசாக்குக்கு அனுப்பிப் பட்டியல் எடுங்கள். விடுபட்டதை உங்கள் கட்டுகளிலிருந்து நிரப்புங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்தே இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் தோட்ட வெளியேற்றங்களைப் பற்றி ஆய்வு செய்தாள். தமிழர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்பதை ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். ஏம்மா என்று கேட்டேன். "தமிழ்ப் பேப்பர் எங்க ஆன்ட்டி கிடைக்குது?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் உரிமை விஷயம். இதுதான் முக்கியம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டுவரை உரிமை இருக்கிறது. ஆனால் வேலையின் பகுதியாக எழுதியதும், பணம் கொடுத்து எழுதச் சொன்னதும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. பத்தியாளரோடு அந்தக் காலத்தில் யார் ஒப்பந்தம் போட்டார்கள்? வாயால் கேட்டோம், அவர் எழுதினார். ஆகவே அண்ணன் மகள் நாளைக்கு அச்சகத்துக்குப் போனால், "பேப்பர்காரர்களிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று சொல்லுவார்கள். அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? பல குடும்பங்கள் இந்தப் பயத்திலேயே டின்னை மூடி மறுபடியும் அலமாரிமேல் வைத்துவிடுகின்றன. உங்கள் ஏட்டில் எழுதிய பத்தியாளரின் குடும்பம் கேட்டால், அந்தப் பத்திகளைப் புத்தகமாக வெளியிட ஆட்சேபணை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். உங்களுக்கு ஒரு தாள் செலவு. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய பலம்.

முடியாத காரியம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசை மின்வடிவில் ஏற்றியிருக்கிறது. 1887இல் தொடங்கிய சிங்கை நேசனைக்கூட என் பேரன் கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். நூற்று முப்பது ஆண்டுக்கு முந்திய பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தேன். ஈழத்தமிழர்கள் 2005இலிருந்து நூலகம் என்ற பெயரில் தங்கள் ஏடுகளையும் நூல்களையும் ஒவ்வொன்றாக ஏற்றி வருகிறார்கள். போரின் நடுவே தொடங்கிய வேலை அது. சென்னையில் இன்று ஆய்வாளர்கள் தேடிப்போகும் ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்து வைத்ததிலிருந்து உருவானது. நமக்குப் போரும் இல்லை, தீயும் இல்லை. இடம் போதவில்லை என்று ஒரு லாரிதான் வந்தது.

புத்தகம் போடும்போது ஒரு வேண்டுகோள். நல்லதை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள். தப்பாகப் போன கணிப்பும் இருக்கட்டும், பிறகு வருத்தப்பட்டதும் இருக்கட்டும். தேதியும் பக்க எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். அந்த வாரம் நாட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு பத்திக்கும் கீழே இரண்டு வரி குறிப்புப் போடுங்கள். 1987 நவம்பர் முதல் தேதி என்று தெரியாமல் அந்தக் கவிழ்த்து வைத்த தட்டைப் படிக்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு அது ஏதோ குடும்பக் கதை என்றுதான் தோன்றும். பழைய எழுத்து வடிவத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றுங்கள், சொல்லை மாற்றாதீர்கள். அவர் 'சர்க்கார்' என்று எழுதிய இடத்தில் 'அரசாங்கம்' என்று திருத்த வேண்டாம்.

என்னிடம் இருக்கும் மூன்று கட்டுகளையும் யார் முறையாக மின்வடிவில் ஏற்றுகிறார்களோ அவர்களிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். கட்டைப் பிரிக்காமல் படம் எடுக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அண்ணன் மகளும் அந்த 212 துண்டுகளைத் தரச் சம்மதித்திருக்கிறாள். அவற்றில் 140க்கு இதுவரை தேதி கண்டுபிடித்துவிட்டோம். மீதி 72. அவற்றின் பின்பக்கத்தில் விளம்பரமும் இல்லை, இரங்கலும் இல்லை, உங்கள் கட்டுகளோடு வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களில் ஒருவர் கிடங்கின் சாவியைக் கொடுத்தால் போதும், வந்துவிடுகிறோம். புரூப் பார்க்கவும் நான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம்.

பணிவன்புடன்,
முன்னாள் பிழை திருத்துநர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.